கொல்லிமலை ஏறும்போது 'கியர்' வழுக்குகிறதா? ஆட்டோமேட்டிக் கார் பெட்டியை பிரிக்கும் முன் பார்க்க வேண்டியது என்ன?

நாமக்கல்:-

நாமக்கல் மாவட்டம் காரவள்ளி அடிவாரத்தில் இருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாய கங்கை அருவியில் குளிக்கவும், அறப்பளீஸ்வரரை தரிசிக்கவும் லீவு நாட்களில் கார்கள் வரிசை கட்டி ஏறுகின்றன. ஆடி மாதம் வல்வில் ஓரி விழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

முன்பு இந்த மலையில் ஏறியதெல்லாம் கிளட்ச் மிதிக்கிற வண்டிகள். 2014-ல் மாருதி செலேரியோ குறைந்த விலையில் 'ஏ.எம்.டி.' கியருடன் வந்த பிறகு சாதாரண குடும்பங்களும் ஆட்டோமேட்டிக் வாங்க ஆரம்பித்தன. இப்போது செகண்ட் ஹேண்டில் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

சமவெளியில் வெண்ணெய் மாதிரி போன வண்டி, 20-வது வளைவு தாண்டியதும் உறுமுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி இழுக்கவில்லை. இறங்கி வந்து ஒர்க் ஷாப்பில் விட்டால் "கியர்பாக்ஸ் போச்சு" என்று ஒரே வார்த்தையில் முடித்து, லட்சக்கணக்கில் எஸ்டிமேட் நீட்டுகிறார்கள். டிரைவர் தொழிலை நம்பி கடனில் கார் வாங்கியவருக்கு அது ஒரு வருஷ சம்பாத்தியம்.

எல்லா நேரமும் பெட்டி போயிருக்கும் என்பது இல்லை. பல நேரம் கோளாறு ஆயிலில் இருக்கும், இல்லாவிட்டால் 'லைன் பிரஷர்' என்று சொல்லப்படும் ஆயில் அழுத்தத்தில் இருக்கும்.

அது என்ன லைன் பிரஷர்?

டார்க் கன்வர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் கிளட்ச் பிளேட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். அதை இறுக்கிப் பிடிக்க கால் கிடையாது. ஆயில் அழுத்தம்தான் கை, கால் எல்லாம். என்ஜின் சுற்றும்போது ஒரு பம்ப் ஆயிலை உறிஞ்சி அழுத்தம் கொடுக்கும். ரெகுலேட்டர் வால்வு அதை அளந்து விடும். ஆக்சிலேட்டர் அதிகம் மிதித்தால் அழுத்தமும் ஏற வேண்டும். மலை ஏறும்போது பாரம் கூடுவதால் பிளேட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான்.

அழுத்தம் குறைந்தால் பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் கருகல். அழுத்தம் அதிகமானால் ஒவ்வொரு கியருக்கும் பின்னால் இருந்து யாரோ முட்டிய மாதிரி 'டொக்'கென்று இடிக்கும்.

முதலில் ஆயில்

நல்ல ஆயில் பெரும்பாலும் சிவப்பாக, தெளிவாக இருக்கும். கறுத்து கருகல் வாடை அடித்தால் பிளேட் தேய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்திருக்கிறது. அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது.

ஆயில் அளவு கொஞ்சம் குறைந்தாலும் தட்டையான ரோட்டில் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் வண்டி சாயும்போது அடித்தட்டில் உள்ள ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். பம்ப் ஆயிலுக்கு பதில் காற்றை உறிஞ்சும், அந்த நேரம் அழுத்தம் விழும். மலையில் மட்டும் வழுக்கி, கீழே வந்ததும் சரியாகிவிடும் வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பில்டர் அடைத்திருந்தாலும் இதே கூத்துதான்.

பிரேக்கை மிதித்துக்கொண்டு 'என்'னில் இருந்து 'டி'க்கு தள்ளினால், பல வண்டிகளில் சுமார் 1.2 நொடிக்குள் கியர் பிடிக்கும் சின்ன அதிர்வு தெரியும். ரிவர்சுக்கு கொஞ்சம் கூடுதலாகும். இரண்டு, மூன்று நொடி இழுத்தால் அழுத்தம் குறைவு அல்லது பிளேட் தேய்வு.

மீட்டர் போட்டால் தெரிந்துவிடும்

பெட்டியின் பக்கவாட்டில் பிரஷர் பார்க்க ஒரு போல்ட் ஓட்டை இருக்கும். அதில் மீட்டரை மாட்டி, ஆயில் சூடான பிறகு, ஐடிலில் ஒருமுறை, பிரேக்கை முழுசாக மிதித்து ஆக்சிலேட்டர் கொடுத்து ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டாவது சோதனையை 5 நொடிக்கு மேல் நீட்டினால் ஆயில் வெந்துவிடும். வண்டி முன்னால் ஆள் நிற்கக் கூடாது. சில பெட்டிகளில் ஐடிலில் சதுர செ.மீ.க்கு சுமார் 4 கிலோ, முழு பாரத்தில் 10 கிலோவுக்கு மேல் காட்டும். மாடலுக்கு மாடல் கணக்கு மாறும், கம்பெனி புத்தகம்தான் சட்டம்.

எல்லா கியரிலும் அழுத்தம் குறைவு என்றால் ஆயில் அளவு, பில்டர், பம்ப், ரெகுலேட்டர் வால்வு. ஒரே ஒரு கியரில் மட்டும் குறைவு என்றால் அந்தப் பாதையில் சீல் கசிகிறது. மீட்டர் சரியாகக் காட்டியும் வழுக்குகிறது என்றால்தான் பிளேட் தேய்ந்தது உறுதி. அப்போது பிரிக்கலாம். இந்த மீட்டரை மாட்டாமலே பெட்டியைப் பிரிப்பது, ஜுரம் பார்க்காமல் ஆபரேஷன் செய்வது போலத்தான்.

பழைய வண்டிகள் சிலவற்றில் ஆக்சிலேட்டரோடு இணைந்த கேபிள் ஒன்று அழுத்தத்தை நிர்ணயிக்கும். அது தளர்ந்தால் கியர் சீக்கிரம் மாறும், வழுக்கும். இறுக்கினால் கியர் தாமதமாக, இடித்துக்கொண்டு மாறும். வழுக்கலை மறைக்க கேபிளை இறுக்கிக் கொடுத்து அனுப்புவது சில இடங்களில் நடக்கிறது. தேய்ந்த பிளேட் அதனால் வளர்ந்துவிடாது. கொஞ்ச நாளில் திரும்ப வரும், இந்த முறை பெரிய செலவோடு.

புது வண்டிகளில் இந்த வேலையை கம்ப்யூட்டரும் சோலனாய்டும் பார்க்கின்றன. சோலனாய்டுக்கு கரண்ட் நின்றுபோனால் பெரும்பாலான பெட்டிகளில் அழுத்தம் உச்சத்துக்குப் போய் எல்லா கியரும் இடிக்கும். சில வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். இதற்கு ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். ஒயர் சாக்கெட் லூசாக இருந்து முழு பெட்டியும் பழி சுமப்பதும் உண்டு.

'சி.வி.டி.' வண்டியில் இரும்பு பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பதும் இதே அழுத்தம்தான். அதற்கு தனி ஆயில். மாற்றி ஊற்றினால் பெல்ட் கீறல் விழும். 'ஏ.எம்.டி.' கதை வேறு. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்சும் கிளட்ச் பிளேட்டும்தான், மிதிக்கிற வேலையை மட்டும் மெஷின் செய்கிறது. ஏற்றத்தில் டிராபிக் நிற்கும்போது ஆக்சிலேட்டராலேயே வண்டியை நிறுத்தி வைத்தால் கிளட்ச் வாடை வந்துவிடும். பிரேக்கை மிதிப்பதுதான் வழி.

ஏறும்போது, இறங்கும்போது

ஏற்றத்தில் பெட்டி 2-க்கும் 3-க்கும் மாறி மாறி தவித்தால் 'எல்', '2' அல்லது மேனுவல் மோடில் கீழ் கியரில் போட்டு விடலாம். தவிப்பு நின்றால் சூடும் குறையும். இறங்கும்போதும் அதே கியர்தான்; 'டி'யில் விட்டு பிரேக்கையே அழுத்தினால் 70 வளைவு முடிவதற்குள் பிரேக் பிடிக்காமல் போகும் ஆபத்து உண்டு. பெட்ரோல் மிச்சம் என்று 'என்'னில் உருட்டுவது உயிரோடு விளையாட்டு.

வண்டி வழியில் நின்றுவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. கயிறு கட்டி இழுத்தாலும் என்ஜின் ஓடாததால் பம்ப் சுற்றாது, ஆயில் போகாமல் உள்ளே இருப்பதெல்லாம் காய்ந்து தேயும். நல்ல பெட்டியும் அந்த இழுப்பில் கெட்டுவிடும். நான்கு சக்கரத்தையும் மேலே ஏற்றிக்கொண்டு போகிற பிளாட்பெட் லாரி வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிட வேண்டும்.