காப்பி ஆகிறது, பேஸ்ட் ஆகவில்லையா?

மேலநீலிதநல்லூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது விண்டோஸ். அதற்குள் விர்ச்சுவல்பாக்ஸ் மூலம் பாஸ் லினக்ஸும் ஓடுகிறது. சி-டாக் உருவாக்கிய இந்த லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளிலும் இருந்தது.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் லினக்ஸில் ஐந்து பக்கக் கட்டுரை டைப் செய்திருந்தாள். இரவு எட்டு மணிக்குள் மெயிலில் போக வேண்டும். மெயில் பாஸ்வேர்டோ விண்டோஸ் பிரவுசரில்தான் சேமிக்கப்பட்டிருந்தது, அவளுக்கு நினைவில்லை. லினக்ஸில் காப்பி செய்து விண்டோஸில் பேஸ்ட் கொடுத்தால் ஒன்றும் வரவில்லை. "மாமா, மறுபடியும் டைப் பண்ணணுமா?" என்றாள்.

தவறு என்னுடையதுதான். நினைவகத்தை மிச்சப்படுத்த, திரை வழி லாகின் வேண்டாம் என்று நிறுத்திவிட்டு, 'ஸ்டார்ட்எக்ஸ்' கட்டளையால் ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய திரையை மட்டும் வரவழைத்திருந்தேன்.

விர்ச்சுவல்பாக்ஸின் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' நிறுவியதும் லினக்ஸுக்குள் சில உதவி நிரல்கள் வந்து உட்காரும். காப்பி செய்ததை இரு பக்கமும் கடத்துவதும், ஜன்னலை இழுத்தால் திரை அளவை மாற்றுவதும் இவற்றின் வேலை. வழக்கமான டெஸ்க்டாப்பில் லாகின் செய்யும்போது இவை தானாகக் கிளம்பும். என் குறுக்குவழியில் அவற்றைக் கிளப்ப ஆளே இல்லை.

முதலில் விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவில் 'ஷேர்டு கிளிப்போர்டு' போய் 'பைடைரக்ஷனல்' தேர்வு செய்யுங்கள். பிறகு லினக்ஸ் திரையிலேயே டெர்மினலைத் திறந்து, 'விபாக்ஸ்கிளையன்ட்' என ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். வி, பி, சி மூன்றும் பெரிய எழுத்து; லினக்ஸ் இதில் ரொம்பக் கறார். ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகள், ஒட்டினாற்போல் 'கிளிப்போர்டு'. எண்டர் தட்டுங்கள். எந்தச் செய்தியும் வராது, பயப்படாதீர்கள். நிரல் பின்னணிக்குப் போய்விட்டது. திரை அளவும் சரியாக வேண்டுமானால் 'விபாக்ஸ்கிளையன்ட்', ஒரு சிறு கோடு, 'ஆல்' என்று சேர்த்தே அடியுங்கள். எல்லா உதவி நிரல்களும் எழும்.

ரூட் ஆக நுழைந்து இதைச் செய்யாதீர்கள். திரையைத் திறந்த அதே பயனர்தான் கிளப்ப வேண்டும். விஎம்வேர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அங்கே நிரலின் பெயர் 'விஎம்வேர்-யூசர்'.

தினமும் டைப் செய்யச் சலிப்பாக இருந்தால், ஹோம் ஃபோல்டரில் உள்ள 'புள்ளி எக்ஸ்இனிட்ஆர்சி' கோப்பில் இதே கட்டளையை, ஐஸ்டபிள்யூஎம் வரிக்கு மேலே எழுதிவிடுங்கள். கீழே எழுதினால், திரையை மூடிய பிறகுதான் அந்த வரிக்கு முறை வரும்!

கட்டுரை ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தது.