கணினி சொன்ன நேரத்துக்கு ஒலி காதில் விழுவதில்லை, தெரியுமா?

கணினியில் ஒரு பொத்தானை அழுத்துகிறீர்கள். ‘பீப்’ என்று சத்தம் வருகிறது. அழுத்தின கையோடு வந்துவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! வழியில் நாலு இடத்தில் நின்று, காத்திருந்து, ஆற அமரத்தான் அது உங்கள் காதுக்கு வருகிறது. பாட்டுக் கேட்பவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மூளையைப் படம் பிடிக்கும் ஆய்வகத்தில், அந்தச் சில மில்லி விநாடிகள் எங்கே போயின என்று தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு தனி வேலை, தெரியுமா?

எம்.இ.ஜி. என்று ஒரு கருவி இருக்கிறது. மூளை நரம்புகளில் ஓடும் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தை மண்டைக்கு வெளியே இருந்தபடியே அளந்துவிடும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. அந்தக் காந்தப்புலம் எவ்வளவு பலவீனமானது தெரியுமா? பூமியின் காந்தப்புலத்தில் சுமார் 50 கோடியில் ஒரு பங்கு! டேவிட் கோஹன் என்ற இயற்பியலாளர் 1968-இல் வெறும் செப்புக் கம்பிச் சுருளை வைத்தே இதைப் பிடித்துக் காட்டினார். 1972-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ‘ஸ்குவிட்’ என்ற உணரியைக் கொண்டு அதையே தெளிவாகப் பதிவு செய்தார். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரி குளிரில் மூழ்கியிருந்தால்தான் அந்த ஸ்குவிட் வேலை செய்யும். அதற்கு அடிப்படையான விளைவை 1962-இல் கணித்துச் சொன்ன பிரையன் ஜோசப்சனுக்கு அப்போது வயது 22! அதற்காக 1973-இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். ஸ்குவிட்டுக்கு அமெரிக்காவரை போக வேண்டாம். நம் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலேயே அந்த உணரிகளைச் செய்து எம்.இ.ஜி. கருவியும் உருவாக்கியிருக்கிறார்கள்.

இவ்வளவு நுட்பமான கருவிக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு ஊக்குகூட இருக்கக் கூடாது. கண்மையிலும் இரும்பு ஆக்சைடு இருக்கலாம் என்பதால் முகத்தைக் கழுவிவிட்டு வரச் சொல்கிறார்கள்! நிக்கலும் இரும்பும் கலந்த தனி உலோகத் தகடுகளால் சுவர் எழுப்பி, கனத்த கதவு போட்டு, வெளிக் காந்தமெல்லாம் தடுக்கப்பட்ட அறைக்குள் ஆளை உட்கார வைக்கிறார்கள்.

சிக்கலே இங்கேதான். அந்த ஆளுக்குச் சத்தம் கேட்க வைக்க வேண்டும். ஸ்பீக்கருக்குள் என்ன இருக்கிறது? காந்தம்! சாதாரண ஹெட்போனிலும் காந்தம்தான். அதை மாட்டிவிட்டால் மூளையின் முணுமுணுப்பு கருவிக்கு எங்கே கேட்கும்? அதனால் ஒலி எழுப்பும் கருவியைத் தலைக்கு எட்டத்திலோ அறைக்கு வெளியிலோ வைத்துவிட்டு, அங்கிருந்து பிளாஸ்டிக் ட்யூப் வழியாக ஒலியை மட்டும் அனுப்புகிறார்கள். ட்யூபின் முனையில் ஒரு பஞ்சடைப்பான்; அதைக் காதில் செருகிக்கொள்ள வேண்டியதுதான். கோடிக்கணக்கில் விலை போகும் கருவிக்குள் ஒலி போகும் வழி ஒரு பிளாஸ்டிக் ட்யூப்!

காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர். அப்படியென்றால் ஒரு மீட்டர் ட்யூபைக் கடக்கக் கிட்டத்தட்ட 3 மில்லி விநாடி. ட்யூப் 5 மீட்டர் என்றால் 14.6 மில்லி விநாடி அதிலேயே போய்விட்டது. போதாக்குறைக்கு, கீச்சென்ற உயர் சுருதிகளை ட்யூப் வழியிலேயே விழுங்கிவிடும். அதைத் தனியாகச் சரிக்கட்ட வேண்டும்.

கணினிக்குள் நடக்கும் கூத்து இன்னும் பெரிது. சவுண்ட் கார்டு ஒலியை விநாடிக்கு 44,100 துண்டுகளாக வெளியே விடுகிறது. ஆனால் ஒவ்வொன்றாக வாங்கி விடுவதில்லை. பஃபர் என்ற தொட்டியில் மொத்தமாக நிரப்பிக்கொள்கிறது. 1,024 துண்டு பிடிக்கும் தொட்டி என்றால் 23 மில்லி விநாடி! ஒலிக்கோப்பை எம்பி3 ஆக மாற்றினீர்களோ, கோப்பின் தொடக்கத்தில் ஆயிரத்துச் சொச்சம் துண்டு அளவுக்கு வெறும் மௌனம் ஒட்டிக்கொள்வதுண்டு. அது ஒரு 25 மில்லி விநாடி. விவரம் தெரிந்தவர்கள் ஆய்வகத்தில் எம்பி3 பக்கமே போவதில்லை.

தாமதமானால் என்ன, கழித்துவிட்டால் போச்சு என்கிறீர்களா? நியாயம்தான். எப்போதும் ஒரே அளவு தாமதம் என்றால் அது பிரச்சினையே இல்லை. ஒரு முறை 20, அடுத்த முறை 35, அப்புறம் 27 என்று தாமதம் ஆடுகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து! காரணம் இருக்கிறது. ஒரே ஒரு ‘பீப்’புக்கு மூளை தரும் பதில் இரைச்சலில் காணாமல் போய்விடும். அதனால் அதே ஒலியை நூறு முறை கேட்க வைத்து, நூறு பதிவையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கிறார்கள். நூறு முறை என்றால் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும், மூளையின் பதில் மட்டும் மேலெழும். ஆனால் தேர்வடம் பிடிப்பவர்கள் ஆளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தால் தேர் நகருமா? அதே கதைதான். நேரம் முன்பின் ஆடினால், கூர்மையாக நிற்க வேண்டிய சிகரம் சப்பையாகிவிடும்.

இந்தத் தாமதத்தை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? கணினி ஒலியை எழுப்பச் சொல்லும்போதே ‘டிரிகர்’ என்ற சிறு மின்துடிப்பையும் எம்.இ.ஜி. பதிவுக்கு அனுப்புகிறது, ‘இதோ சத்தம் போட்டாயிற்று’ என்பது அதற்கு அர்த்தம். சத்தம் போட்டாயிற்றா என்பதுதான் கேள்வியே! அதனால் காதில் செருகும் அந்தப் பஞ்சு முனையில் ஆளுக்குப் பதிலாக ஒரு சின்ன மைக்கைப் பொருத்துகிறார்கள். மைக்கின் ஒயரைப் பதிவுக் கருவியில் காலியாக இருக்கும் ஓர் இணைப்பில் செருகுகிறார்கள். அப்புறம் ‘டக்’ என்ற ஒலியை நூறு, இருநூறு முறை ஓட விடுகிறார்கள், அறைக்குள் யாருமே இல்லாமல். திரையில் இரண்டு கோடுகள் ஓடும். மேல் கோட்டில் டிரிகர் படிக்கட்டு மாதிரி சட்டென்று ஏறி நிற்கும். கீழ்க் கோடு அப்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். கொஞ்சம் கழித்துத்தான் மைக் நடுங்கத் தொடங்கும். அந்த இடைவெளிதான் தாமதம். நூறு இடைவெளிகளின் சராசரியைப் பார்க்கும் முன்னால், அவை எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்றுதான் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், நாலைந்து முறை மட்டும் அளந்துவிட்டு ‘சரியாக இருக்கிறது’ என்று எழுந்து போகும் ஆய்வகத்தை நம்பக் கூடாது.

அவ்வளவு கறாராக இருந்தே ஆக வேண்டுமா? இதைக் கேளுங்கள். ஒலி கேட்டுச் சுமார் 100 மில்லி விநாடியில் மூளையின் செவிப்பகுதியில் எம்100 என்ற அலை எழும். 2010-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் திமோத்தி ராபர்ட்ஸ் குழுவினர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்தப் பதில் சராசரியாக 11 மில்லி விநாடி தாமதமாக எழுவதை எம்.இ.ஜி.யில் கண்டார்கள். வெறும் 11! ஐந்து மீட்டர் ட்யூபுக்குள் ஒலி தொலைக்கும் நேரம் அதைவிட அதிகம். கருவியின் தாமதம் தெரியாமல் மூளையின் தாமதத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

நேரக்கணக்குத் தவறியதில் ஒருவர் வேலையே போயிருக்கிறது, தெரியுமா? 1796-இல் இங்கிலாந்தின் கிரீனிச் வானாய்வகம். கடிகாரத்தின் டிக் டிக் ஒலியைக் காதால் எண்ணிக்கொண்டே, தொலைநோக்கிக் கம்பியை நட்சத்திரம் கடக்கும் கணத்தைக் கண்ணால் குறிக்க வேண்டும். உதவியாளர் கின்னபுரூக்கின் கணக்கு, தலைமை வானியலாளர் மஸ்கெலினின் கணக்கிலிருந்து 0.8 விநாடி தள்ளியிருந்தது. சீட்டைக் கிழித்துவிட்டார்கள்! பாவம், அவர் மேல் குற்றமே இல்லை. ஒவ்வொருவர் கண்ணும் காதும் வெவ்வேறு நேரம் காட்டும் என்பதைப் பின்னாளில் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்து வானியலாளர் பெஸ்ஸல்தான் ஆராய்ந்து காட்டினார். அதே கோனிக்ஸ்பெர்க்கில் 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளந்தார்: விநாடிக்கு 27 மீட்டர் வாக்கில்! அந்த பிளாஸ்டிக் ட்யூபுக்குள் ஒலி ஓடுவது அதைப்போலப் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான வேகம்.

ஆய்வகத்தை விடுங்கள், நம் ப்ளூடூத் இயர்போனிலேயே 100, 200 மில்லி விநாடித் தாமதம் வெகு சாதாரணம். படம் பார்க்கும்போது தெரியாமல் இருப்பதற்குக் காரணம், செயலி காட்சியையும் சேர்த்துத் தாமதப்படுத்திவிடுவதுதான். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்குப்படி, உதட்டைவிட ஒலி 45 மில்லி விநாடி முந்தினாலே நமக்கு உறுத்தத் தொடங்கும்; பிந்தினாலோ 125 வரை கண்டுபிடிக்க மாட்டோம். ஒலி பிந்தி வருவது நமக்குப் பழகிப்போனது; இடி எப்போதும் மின்னலுக்குப் பிறகுதானே வருகிறது!

ட்யூபில் ஆகும் தாமதம் நல்லது செய்யும் இடமும் ஒன்று உண்டு. நம் ஊர் மருத்துவமனைகளில் ‘பெரா டெஸ்ட்’ என்கிறார்களே, காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, அதில்தான். ஒலி கேட்ட 10 மில்லி விநாடிக்குள் காது நரம்பும் மூளைத்தண்டும் ஏழு அலைகள் வரை அனுப்பிவிடும். பெரியவர்களுக்கு ஐந்தாவது அலை 6 மில்லி விநாடிக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஒலிக்கருவியின் மின் இரைச்சல் அந்த அலைகள் மேலேயே ஏறிக்கொண்டால் ஒன்றும் தெரியாது. கருவிக்கும் காதுக்கும் நடுவில் ஒரு குட்டி ட்யூப் இருப்பதால் ஒலி கிட்டத்தட்ட ஒரு மில்லி விநாடி பிந்திப் போகிறது. இரைச்சல் ஓய்ந்த பிறகு அலை எழுகிறது. அந்த ஒரு மில்லி விநாடியைக் கடைசியில் கழித்துக்கொள்கிறார்கள்.

குழந்தை தூங்கும்போதே இந்தப் பரிசோதனையை முடித்துவிடலாம், வலியே கிடையாது. பிறந்து 1 மாதத்துக்குள் முதல்கட்டச் செவிப் பரிசோதனை, குறை தெரிந்தால் 3 மாதத்துக்குள் உறுதிசெய்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குதல் என்பது நிபுணர்கள் வகுத்த கெடு. உங்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறதா? செவிப் பரிசோதனை செய்தாயிற்றா என்று டாக்டரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.