குறைமாதப் பிரசவம், கைநழுவிய கரு: பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யலாம்?

சதுரங்கப்பட்டினத்தில் ஒரு வீட்டில் ஏழாம் மாதமே வலி எடுத்துவிடுகிறது. மறைமலை நகரில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதம் கரு கலைந்துவிடுகிறது. நீங்கள் அந்தப் பெண்ணின் அம்மாவாகவோ மாமியாராகவோ கணவராகவோ பக்கத்து வீட்டு அக்காவாகவோ இருக்கலாம். என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது என்றுதான் முதலில் தவிப்பீர்கள். அதற்கு முன் செய்யவேண்டிய வேலைகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு மணிக்கணக்கில் கெடு.

முதலில் குறைமாதப் பிரசவத்தைப் பார்ப்போம். 37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறார்கள். உலகில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை இப்படிப் பிறக்கிறது. உங்கள் வீட்டில் மட்டும் நடந்த விபரீதம் இல்லை இது.

‘ஏழாம் மாசக் குழந்தை தங்கும், எட்டாம் மாசக் குழந்தை தங்காது’ என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா? இல்லை. வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருக்கும்போதும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்தப் பேச்சை நம்பி எட்டாம் மாதக் குழந்தையைப் பற்றி நம்பிக்கை இழக்கவும் வேண்டாம், ஏழாம் மாதம்தானே என்று அசட்டையாக இருக்கவும் வேண்டாம்.

எப்போது கிளம்ப வேண்டும்? வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, பனிக்குடம் உடைந்து தண்ணீர் போனாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் துடிப்பு குறைந்தாலோ 108-ஐ அழைத்துவிடுங்கள். இடுப்பு வலி விடாமல் வந்து வந்து போனாலும் ‘சூட்டு வலி’ என்று கஷாயம் வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது? மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 30 கிலோமீட்டர். பக்கத்தில் உள்ள சின்ன மருத்துவமனையில் பிரசவம் பார்த்துவிட்டுக் குழந்தையை மட்டும் பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது. தாயின் கருப்பையைவிடப் பாதுகாப்பான வண்டி இன்னும் வரவில்லை. பிரசவம் வழியிலேயே ஆகிவிடும் போலிருந்தால் மட்டும் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

சீக்கிரம் போவதால் இன்னொரு லாபமும் உண்டு. 24 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகலாம் என்று தெரிந்தால், தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி (குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் முதிர வைக்கும் மருந்து) போடுவார்கள். விலை மலிவான ஊசிதான். ஆனால் முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய ஒரு நாள் அவகாசம் வேண்டும். வீட்டில் தயங்கிக் கழிக்கும் அரை நாள் அந்த அவகாசத்தைத்தான் தின்கிறது.

பிறந்தவுடன் குழந்தையை எங்கே கொண்டுபோகிறார்கள்? எஸ்.என்.சி.யூ. (நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு) என்ற அறைக்கு. நம் ஊர்ப் பேச்சில் ‘கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க’. அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் இல்லை. 2011-இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, இரத்தம், ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அழைத்துப்போகும் வண்டி எல்லாமே இலவசம். தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்.

பெட்டிக்குள் இருக்கும் குழந்தைக்கு வீட்டார் என்ன செய்ய முடியும்? தாய்ப்பால் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளலாம். குறைமாதக் குழந்தைக்குக் குடல் தொற்றிலிருந்து பெரிய காவல் அதுதான். முதல் நாள் கையால் பீச்சினால் சில சொட்டுதான் வரும், மஞ்சளாக, பிசுபிசுப்பாக. அதுதான் சீம்பால். கொதிக்க வைத்து ஆறிய சின்னக் கிண்ணத்தில் அந்தச் சொட்டுகளைச் சேர்த்து நர்ஸிடம் கொடுத்தால், மூக்குவழிக் குழாயிலோ பாலாடையிலோ கொடுப்பார்கள். அந்தக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு ‘உனக்குப் பாலே இல்லையே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழந்தையின் வயிற்றுக்கு அன்றைக்கு அவ்வளவுதான் தேவை. இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், பீச்சினால் நான்கைந்து நாளில் சுரப்பு கூடும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அவளை எழுப்பிக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்கும் ஆள் யார் என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சேனை வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரை மருந்து எதுவும் கூடாது. நிறைமாதக் குழந்தைக்கே கூடாதவை. ஒன்றரைக் கிலோ குழந்தைக்கு ஒரு விரல் தேன்கூட ஆபத்து.

பிறகு தோலோடு தோலாக அணைத்து வைத்திருப்பது. இதைக் கங்காரு பராமரிப்பு என்பார்கள். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர மருத்துவமனை ஒன்றில், பெட்டிகள் போதாமல் ஆரம்பித்த வழி. அது ஏழை நாட்டு மாற்று ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லியும் சேர்ந்திருந்த ஐந்து நாட்டு ஆய்வு ஒன்று 2021-இல் வெளியானது. குழந்தையின் உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்தவுடனே அணைக்கத் தொடங்கினால் இறப்பு கால்வாசி குறைகிறது என்று அது காட்டியது. 2022-இல் உலக சுகாதார நிறுவனமும், நாளுக்கு எட்டு மணி நேரமாவது, முடிந்தால் நாள் முழுவதும் இப்படி வைத்திருக்கச் சொன்னது.

எப்படிச் செய்வது? குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அரைத்துணி மட்டும். தாயின் மார்புக்கு நடுவே நிமிர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கால்களைத் தவளை மாதிரி மடித்து வைத்து, பழைய மெல்லிய வேட்டியால் இருவரையும் சேர்த்துக் கட்டுங்கள். மூக்கு அழுந்தாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தாய் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம், நடக்கலாம், தூங்கலாம். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். கடலிலிருந்து திரும்பி, குளித்து, சட்டையைக் கழற்றிவிட்டு ஒரு மீனவர் இரண்டு மணி நேரம் பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் தாய் தூங்குவாள். ‘ஆம்பளைக்கு இதெல்லாம் எதுக்கு’ என்று கேட்பவரை வார்டுக்கு வெளியே டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

குழந்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டால் ஆபத்து முடிந்ததா? பெரும்பாலான குடும்பங்கள் ஏமாறும் இடம் இதுதான். 34 வாரத்துக்கு முன்போ இரண்டு கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, விழித்திரையில் (கண்ணின் உட்புறத்தில் பார்வையைப் பதிக்கும் படலம்) இரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையைப் பறித்துவிடக்கூடும். பிறந்து 30 நாளுக்குள் கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் உள்ளே பார்த்தாக வேண்டும். இன்னும் சிறிய குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. நேரத்தில் கண்டுபிடித்தால் லேசரிலோ ஊசியிலோ பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால் நிரந்தரக் குருடு.

‘கண்ணு நல்லாத்தானே முழிக்குது?’ என்பீர்கள். வெளியே இருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சில வீடுகளில் தீட்டு கழியும்வரை முப்பது நாள் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டக் கூடாது. கண்ணுக்கும் அதே முப்பது நாள்தான் கெடு. வழக்கத்தை இந்த ஒரு முறை தள்ளி வையுங்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவமனைச் சீட்டில் கண் பரிசோதனைத் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள். காதுப் பரிசோதனைத் தேதியையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த பிள்ளை ஆறாம் மாதத்தில் நான்கு மாதக் குழந்தை போலத்தான் இருக்கும். எதிர்வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டதே என்று ஒப்பிட வேண்டாம். ஆனால் தடுப்பூசிக்கு அந்தக் கழிவு கிடையாது. பிறந்த தேதியை வைத்தே போட வேண்டும்.

இனி, குழந்தை கைக்கு வராத வீடு.

முதலில் இரத்த வகையைப் பாருங்கள். தாய்க்கு ஆர்.எச். நெகட்டிவ் என்றால், கரு கலைந்தாலும் குழந்தை இறந்து பிறந்தாலும் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (அடுத்த குழந்தையைத் தாயின் உடம்பே எதிர்க்காமல் தடுக்கும் மருந்து) தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். துக்கத்தில் மறந்துபோவது பெரும்பாலும் இதுதான். மணிக்கு இரண்டு பேட் நனையும் அளவு இரத்தம் போனாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தாலோ உடனே திரும்பப் போக வேண்டும்.

ஏன் இப்படி ஆனது? தெரியவந்த கருக்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்று கலைகிறது. முதல் மூன்று மாதத்தில் கலைவதில் சரிபாதிக்குக் காரணம் கரு உண்டாகும்போதே குரோமோசோமில் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழையில்) நேரும் பிழை. பைக்கில் போனது, கிரகணத்தில் வெளியே வந்தது, ஒரு துண்டு பப்பாளி தின்றது இவற்றால் அந்தப் பிழை வராது. ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. எனக்கு இதில் கோபமே உண்டு. அந்த வாக்கியத்தை அவள் ஆயுளுக்கும் சுமப்பாள்.

நான்கைந்து மாதம் தாண்டிய இழப்பு என்றால் இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். பிள்ளை இல்லாத மார்பில் பால் கட்டிக்கொள்வதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நீங்கள் சொல்லிவையுங்கள். இறுக்கமில்லாமல் தாங்கும் உள்ளாடை, குளிர்ந்த ஈரத்துணி, வலி தாங்கவில்லை என்றால் இதம் கிடைக்கும் அளவு மட்டும் பீச்சிவிடுவது ஆகியவை உதவும். முழுக்கப் பீச்சினால் இன்னும் சுரக்கும். நம் பாட்டிமார் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்களே, அது வெறும் நம்பிக்கைதானா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் மல்லிகையைப் பால் வற்றவைக்கும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, 1988-இல் எழுதினார்கள். மார்புக் கட்டும் பால் சுரப்பும் குறைவதில் பூ மாத்திரைக்கு இணையாகவே நின்றது. பூ வைக்கலாம். சிவந்து காய்ச்சல் வந்தால் மட்டும் மருத்துவரிடம் போக வேண்டும்.

இறந்து பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டலாமா? ‘பார்த்தா தாங்க மாட்டா’ என்று சொல்லி, அவள் மயக்கம் தெளிவதற்குள் ஆண்கள் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுவது இங்கே வழக்கம். அவளிடமே கேளுங்கள் என்பதுதான் என் பதில். பார்க்க வேண்டும், தொட வேண்டும் என்றால் கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். எங்கே புதைத்தீர்கள் என்று பிறகு ஒருநாள் கேட்பாள். அந்த இடத்தைக் கணவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பதிவு செய்ய வேண்டுமா? 28 வாரம் நிறைந்து இறந்து பிறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் என்றால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். ஒரு மூச்சு விட்டு இறந்த குழந்தைக்குப் பிறப்பு, இறப்பு இரண்டையும் பதிய வேண்டும். விடுப்பு கேட்கும்போது இந்தத் தாள்கள் கைகொடுக்கும்.

விடுப்பு உண்டா? உண்டு. மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலோ சிறுசேரியிலோ வேலை பார்க்கும் பெண்களில் பலருக்கு இது தெரியாமல், ஜுரம் என்று சொல்லி நான்கு நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். கர்ப்பத்தின் 26-ஆம் வாரம் வரை கரு கலைந்தால் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு சலுகைச் சட்டம் கொடுத்த இந்த உரிமை 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. அதற்குப் பிறகு என்றால், சட்டத்தின் வரையறையில் ‘குழந்தை’ என்பதில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும். ஆகவே பேறுகால விடுப்புக்கே விண்ணப்பிக்கலாம். குறைமாதப் பிரசவத்தாலோ கருச்சிதைவாலோ உடல்நிலை கெட்டால் மேலும் ஒரு மாதம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அந்த வழியாகப் பணம் வரும். மருத்துவச் சான்றை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

மீன் விற்பவருக்கும் சித்தாள் வேலை செய்பவருக்கும் சம்பள விடுப்பு கிடையாது. நல வாரியத்தில் பதிந்திருந்தால் கருச்சிதைவுக்கும் உதவித்தொகை கேட்கலாம். அதைவிட அவசரம், அவள் வேலைக்குப் போகாத நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிவது. ‘ஏதாவது வேணும்னா சொல்லு’ என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் சொல்லமாட்டார்கள். குழம்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாருங்கள்.

என்ன பேசுவது? ‘உனக்கென்ன வயசாயிடுச்சா, அடுத்தது பிறக்கும்’ வேண்டாம். ‘கஷ்டமா இருக்கு, நான் இங்கதான் இருக்கேன்’ போதும். கணவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஊரே அவரிடம் ‘அவளைப் பார்த்துக்க’ என்றுதான் சொல்லியிருக்கும். சில வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேச்சு வந்தாலோ 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம். பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளை அழைக்காமல் விடுவது தனிக் கொடுமை. அழையுங்கள், வருவதும் வராததும் அவள் விருப்பம்.

அடுத்த கர்ப்பம் எப்போது? உடம்பும் மனமும் தேறிய பிறகு, மருத்துவரைக் கேட்டுவிட்டு. கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமில மாத்திரை தொடங்க வேண்டும். கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கும்போது கிராம சுகாதார செவிலியர் ‘இது முதல் கர்ப்பமா?’ என்று கேட்பார். கூட வந்த பெரியவர் முந்திக்கொண்டு ‘ஆமா’ என்று சொல்லிவிடுவது உண்டு. சொல்லாதீர்கள். எத்தனையாவது வாரத்தில், எப்படிப் போனது என்பதைச் சொல்லி, அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கருப்பை வாயின் நீளத்தை முன்கூட்டியே ஸ்கேனில் அளப்பதா, சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அடிக்கடி பார்ப்பதா, பிரசவத்தை முதலிலேயே செங்கல்பட்டுக்கு எழுதிவிடுவதா என்பதை மருத்துவர் அந்த ஒரு வரியை வைத்துத்தான் முடிவு செய்வார்.