இந்தக் காலுக்கு எத்தனை பல்லு? மீண்டும் சைக்கிள் ஏறுவோருக்கு

வடக்கில் சைக்கிளை விட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். ஒன்று, வயது போய்விட்டது. மற்றது, கால் ஏலாது. இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலிடம் நாங்கள் எவ்வளவு வேலை கேட்கிறோம் என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அந்தக் கணக்கு சைக்கிளின் பின் சில்லில், செயின் ஓடும் பற்களில் இருக்கிறது. அதை மாற்ற முடியும். பெரிய செலவும் இல்லை.

சைக்கிளைப் பற்றி எங்கள் ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை என்று தோன்றலாம். 1990இல் போர் மீண்டும் தொடங்கி, எரிபொருளுக்குத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணமும் வன்னியும் சைக்கிளில்தான் ஓடின. விறகு, நெல்மூட்டை, நோயாளி, பிரேதம் எல்லாம் சைக்கிளில் போயின. பற்றரி இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது, உழக்க இடமில்லாமல் சைக்கிள்களை உருட்டிக்கொண்டே போனது. 2009இல் முள்ளிவாய்க்காலில் குவிந்து கிடந்த பொருட்களுக்குள் சைக்கிள்களும் கிடந்தன.

மீள்குடியேறிய பின்னர் லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள்கள் வந்தன. 2022 எரிபொருள் நெருக்கடியில், வரிசையில் நின்று களைத்தவர்கள் கோடிப்புறத்தில் கிடந்த சைக்கிளை மறுபடி எடுத்தார்கள். அவர்களில் பலர் சில கிழமைகளில் அதை மீண்டும் சாத்தி வைத்துவிட்டார்கள். இருபது வயதில் ஓடிய அதே சைக்கிளில் ஐம்பது வயதில் ஏறினால் என்ன நடக்கும் என்பதை அவர்களின் முழங்கால்கள் சொல்லிவிட்டன.

எனக்கு இப்போது 54 வயது. 2009இல் வலது முழங்காலில் செல் துண்டு பட்டது. ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள், ஒரு சிறு துண்டு உள்ளேயே இருக்கிறது. கால் முழுதாக மடங்காது. பிசியோதெரபி செய்தவர் எனக்குச் சொன்னது எளிமையானது: மூட்டை அசைக்காமல் விட்டால் இறுகும், பாரம் கொடுத்து அசைத்தால் வீங்கும், பாரம் இல்லாமல் அடிக்கடி அசைக்க வேண்டும். சைக்கிள் அதற்கு நல்லது, ஆனால் இறுக்கி உழக்கக் கூடாது. இறுக்காமல் எப்படி உழக்குவது என்பதை எனக்குக் காட்டித் தந்தவர் கிளிநொச்சியில் நெடுங்காலமாகச் சைக்கிள் திருத்தும் ஒரு ஐயா. என் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பெடியள் ஓடுற பல்லு. உமக்கு இரண்டு மூண்டு பல்லைக் கூட்டிப் போடுவம்" என்றார்.

பல்லுக் கணக்கு

என் சைக்கிளின் முன் செயின்வீலில் 46 பற்கள். பின் சில்லில் இருந்த பிறீவீலில் 18 பற்கள். 46ஐ 18ஆல் பிரித்தால் சுமார் 2.56. அதாவது பெடலை ஒரு தரம் சுற்றினால் பின் சில்லு இரண்டரைத் தடவைக்கு மேல் சுற்றும். பெரிய சைக்கிளின் சில்லு ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீற்றர் ஓடும். ஆகவே காலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் 5.6 மீற்றர் முன்னே போகிறது. நிமிடத்துக்கு 60 சுற்று உழக்கினால் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகம். இளம் காலுக்கு அது நல்ல கணக்குத்தான்.

பின்னால் 18க்குப் பதிலாக 22 பல் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.6 மீற்றர். ஒரு கிலோமீற்றர் போக முன்பு 178 தடவை சுற்றிய கால் இப்போது 217 தடவை சுற்ற வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்த வேண்டிய விசை 18 வீதம் குறைந்துவிடும். மொத்த வேலை ஒன்றுதான், அது சிறு சிறு துண்டுகளாகப் பிரிந்து வருகிறது. ஐம்பது கிலோ மூட்டையை ஒரேயடியாகத் தூக்குவதற்கும், அதே அரிசியைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோவதற்கும் உள்ள வித்தியாசம் இது. முழங்கால் மூட்டுக்கு இரண்டாவது முறைதான் பிடிக்கும்.

வேகம் பெரிதாகக் குறையவும் இல்லை. கால் இலகுவாகச் சுற்றுவதால் நிமிடத்துக்கு 70 சுற்று தானாக வருகிறது. அப்போது மணிக்கு 19 கிலோமீற்றருக்குக் கிட்டப் போகலாம். காற்று முதுகில் அடிக்கும் நாளில் மட்டும் கால் வெறுமையாகச் சுற்றுவது போல் இருக்கும். அந்த நேரம் உழக்காமல் சும்மா இருங்கள், சைக்கிள் தானாக ஓடும்.

மாற்றும்போது மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நான்கு பல் கூடினால் செயின் எட்டாமல் போகலாம். பின் சில்லை அரை அங்குலம் முன்னே தள்ள இடமிருந்தால் பழைய செயினே போதும். இல்லாவிட்டால் ஒரு சோடிக் கண்ணி கூட்ட வேண்டும். இரண்டாவது, தேய்ந்த செயின் புதிய பல்லில் வழுக்கும். செயினின் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது பன்னிரண்டே அரைக்கால் அங்குலத்துக்கு நீண்டிருந்தால் செயினையும் மாற்றிவிடுங்கள். மூன்றாவது, புதிய பிறீவீலைப் பூட்டும் முன் புரியில் கிறீஸ் பூசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை கழற்றப் பெரும்பாடு படவேண்டும். எனக்குப் பிறீவீலும் கூலியும் சேர்த்து மூன்று லீற்றர் பெற்றோல் காசளவில் முடிந்தது.

வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த ரேசிங் சைக்கிளோ, கியர் சைக்கிளோ வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். பழைய ரேசிங் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் 52, 42 என இரண்டு செயின்வீல்கள் இருக்கும். பின்னால் மிகப் பெரியது 24 பல் என்றால், மிக இலகுவான கியரில்கூட ஒரு சுற்றுக்கு 3.7 மீற்றர் வரும். பின்னால் 28 பல் உள்ள தொகுதியைப் போட்டால் அது 3.15 மீற்றருக்கு இறங்கும். அதைவிடப் பெரிய பல் போடுவதானால் பின்னால் செயினை இழுத்துப் பிடிக்கும் பாகம் அதற்கு ஈடுகொடுக்குமா என்று கடையில் முதலில் கேளுங்கள். முன்னால் மூன்று செயின்வீல் உள்ள சாதாரண கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எதையும் வாங்கத் தேவையில்லை. நடுவில் உள்ளதில் செயினைப் போட்டுக்கொண்டு, பின்னால் பெரிய பல்லைப் பாவிக்கப் பழகினாலே போதும். கால் இறுகிய பிறகு கியரை மாற்ற வேண்டாம். இறுகப் போகிறது என்று தெரியும்போதே, இலேசாக உழக்கியபடி மாற்றுங்கள்.

எங்கள் மலை காற்றுத்தான்

மலையகத்தில் உள்ளவர்களுக்கு இலகு கியர் ஏன் தேவை என்று விளக்க வேண்டியதில்லை. வடக்கு தட்டை நிலம், இங்கே எதற்கு என்று கேட்பவர்கள் சோளகம் வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் ஒருமுறை உழக்கிப் பார்க்கட்டும். ஆனையிறவும் அப்படித்தான். இரு பக்கமும் வெட்டை, மறைக்க ஒரு பனைகூடக் கிட்ட இல்லை.

காற்றின் தடை நேராகக் கூடுவதில்லை, இருமடி வேகத்துக்கு நான்கு மடங்காகக் கூடும். நீங்கள் 15 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது எதிரே 20 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வந்தால், உங்கள் நெஞ்சில் அடிப்பது 35 கிலோமீற்றர் காற்று. காற்று இல்லாத நாளைவிட அந்தத் தடை ஐந்து மடங்கைத் தாண்டும். அந்த நேரம் 18 பல்லில் எழும்பி நின்று மிதித்தால்தான் சைக்கிள் நகரும். 22 பல் என்றால் இருந்தபடியே, மெதுவாக, நிற்காமல் போகலாம். முதுகைக் கொஞ்சம் குனித்து, முழங்கையை மடக்கிக்கொண்டால் இன்னும் இலகு.

சப்பாத்து

பலர் பாட்டாச் செருப்போடுதான் உழக்குவோம். கிட்டத்தில் உள்ள கடைக்குப் போக அது போதும். ஐந்து கிலோமீற்றரைத் தாண்டினால் போதாது. மெல்லிய செருப்பு பெடலின் மேல் வளையும், காலின் முழு அழுத்தமும் உள்ளங்காலில் ஒரு சிறு இடத்தில் விழும். செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாக இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கம் கெண்டைக்காலுக்கு ஏறி, அங்கே பிடித்துக்கொள்ளும்.

இதற்கு விலைகூடிய சைக்கிள் சப்பாத்துத் தேவையில்லை. பெடலில் கொளுவிக்கொள்ளும் சப்பாத்துகள் போட்டியில் ஓடுபவர்களுக்கு உதவும். எங்களைப் போன்றவர்களின் வேகத்தில் வேலையில் பெரும்பகுதி கீழ்நோக்கி அழுத்துவதுதான். நரம்பு பாதிக்கப்பட்ட கால் உள்ளவர்களுக்கு அவை ஆபத்தானவையும்கூட. குதிக்காலை வெளியே திருப்பித்தான் கழற்ற வேண்டும், அவசரத்தில் திருப்ப முடியாவிட்டால் சைக்கிளோடு விழ வேண்டியதுதான்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போடும் கன்வஸ் சப்பாத்து வகையே போதும். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். நுனியையும் குதியையும் பிடித்து மடக்கிப் பாருங்கள். இலகுவாக இரண்டாக மடிவதை விட்டுவிட்டு, எதிர்த்து நிற்பதை எடுங்கள். அடி தட்டையாக, பெடலின் அகலத்துக்குப் பரந்திருக்க வேண்டும். பின்னேரத்தில் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரம் போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது. ஏற்கனவே உள்ள சப்பாத்து மெல்லியது என்றால், சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்து உள்ளே தடித்த தோல் ஒன்றை அளவாக வெட்டிப் போடச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். வலது சப்பாத்தின் நாடாவை உள்ளே செருகிவிடுங்கள், செயினுக்குள் போய்விடும்.

பெருவிரலுக்குப் பின்னால் உள்ள தடித்த பகுதிதான் பெடலின் நடுவில் இருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் உழக்கவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் விரல் இடுக்குகளைப் பாருங்கள், உணர்வு குறைந்த காலில் காயம் பட்டாலும் தெரியாது.

மடங்காத முழங்காலும் செயற்கைக் காலும்

கால் நிலத்தில் ஊன்ற வேண்டும் என்பதற்காகச் சீற்றைப் பதித்து வைப்பது எங்கள் வழக்கம். முழங்காலுக்கு அதைப்போல் கெடுதி வேறில்லை. குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ஒரேயடியாக உயர்த்தாமல் கிழமைக்கு அரை அங்குலம் உயர்த்துங்கள், பயம் போய்விடும்.

முழங்கால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மடங்காதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பெடலைத் தாங்கும் கிராங் வழமையாக 165 முதல் 170 மில்லிமீற்றர் நீளம். 150 மில்லிமீற்றர் கிராங் கிடைத்தால், பெடல் சுற்றும் வட்டத்தின் விட்டம் 30 முதல் 40 மில்லிமீற்றர் குறையும். முழங்கால் அந்த அளவுக்குக் குறைவாக மடங்கினால் போதும். சிறுவர் சைக்கிளின் கிராங் சிலவேளை பொருந்தும், கடைக்காரர் அளந்து சொல்வார்.

ஜெய்ப்பூர் கால் போட்டவர்கள் சைக்கிள் ஓடுவதை நாங்கள் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தக் கால் சப்பாத்து இல்லாமலும் பாவிக்கக்கூடியதாகவே உருவாக்கப்பட்டது. ஆனால் ரப்பர் பாதம் மழையில் பெடலில் வழுக்கும். பிடிப்புள்ள அடியோடு ஒரு கன்வஸ் சப்பாத்தை அதற்கும் போட்டுக்கொள்ளலாம். இலகுவான பல் அவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அவசியம், ஏனென்றால் இறுக்கி உழக்கும் பாரம் முழுவதும் மற்றக் காலில்தான் விழும்.

எப்படித் தொடங்குவது

முதல் இரண்டு கிழமைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று கிலோமீற்றர் போதும். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகுக்காற்று என்று பாதையைத் தெரிவு செய்யுங்கள். தசை நோவு ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மூட்டு வீங்கினாலோ, உள்ளே குத்தினாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். உடலில் செல் துண்டு உள்ளவர்கள் தொடங்குவதற்கு முன்னரே கேட்டுக்கொள்வது நல்லது. ஏ9 வீதியில் பஸ்கள் முந்தும் வேகம் தெரிந்ததுதான். விடியவே போங்கள், பின்னால் சிவப்பு வெளிச்சம் பூட்டுங்கள், இயன்றவரை உள்வீதிகளால் போங்கள். ஆனால் கண்ணிவெடி அகற்றி முடியாத பக்கங்களில் குறுக்குவழி தேட வேண்டாம், சனம் போய்வரும் பாதையே பாதை.

இப்போது கிழமையில் நான்கு நாள் நான் பரந்தன் பக்கம் போய்வருகிறேன். முழங்கால் முழுதாக மடங்குவதில்லை, இனி மடங்கப்போவதும் இல்லை. ஆனால் சந்தைக்கும் கிளினிக்குக்கும் போக மகனின் மோட்டார் சைக்கிளுக்காகக் காத்திருப்பது நின்றுவிட்டது. எங்கள் ஊர்களில் தனியே வீட்டைக் கொண்டுநடத்தும் பெண்களுக்கும், காயத்தோடு வாழ்பவர்களுக்கும், லீசிங் கட்டி முடியாமல் மோட்டார் சைக்கிளைப் பறிகொடுத்தவர்களுக்கும், யாரையும் கேளாமல் போய்வருவது என்பது சிறிய விடயம் அல்ல.

உங்கள் வீட்டிலும் சுவரில் சாத்திய ஒரு ரலியோ லுமாலாவோ இருக்கக்கூடும். காற்றடிக்க முதல் அதைக் கவிழ்த்து வைத்துப் பின்னால் எத்தனை பல் என்று எண்ணிப் பாருங்கள். 18 என்றால், கால் ஏலாது என்ற தீர்ப்பைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம்.