மருந்தைத் துப்பும் பிள்ளைகள்: மூக்கைப் பிடிக்காமல், பொய் சொல்லாமல்

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தொழுகை முடியும் நேரம் பார்த்துப் பள்ளிவாசலுக்குத் தூக்கி வந்து ஓதி ஊதச் சொல்வது நம் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம் பக்கங்களில் வழக்கம். மாற்று மதத் தாய்மார்களும் வருகிறார்கள். நாம் ஓதுகிறோம், துஆ செய்கிறோம். கூடவே, டாக்டர் கொடுத்த மருந்து ஒழுங்காகப் போகிறதா என்றும் கேட்கிறோம். "எங்கே ஹஜ்ரத், வாயில் வைத்தாலே துப்பிவிடுகிறான்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

இதைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது. ஐந்து நாளைக்கு எழுதிய ஆன்டிபயாடிக்கை, காய்ச்சல் இறங்கியதும் இரண்டாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பாதியில் விட்ட நோய் திரும்பலாம். டவுனில் இருப்பவர்கள் மறுபடி டாக்டரிடம் போய்விடலாம். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் பக்கமிருந்து வருபவர்கள் மலைப்பாதையில் கச்சிராயபாளையம் இறங்கி, அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். அவர்களுக்கு அந்த பாட்டிலில் உள்ள ஒவ்வொரு மில்லியும் முக்கியம்.

மருந்து உள்ளே போக வேண்டும் என்ற தவிப்பில்தான் பல வீடுகளில் மூக்கைப் பிடித்துச் சங்கிலோ பாலாடையிலோ ஊற்றுகிறார்கள். ஒருவர் காலைப் பிடிக்க, ஒருவர் தலையைப் பிடிக்க, பிள்ளையைப் படுக்கப் போட்டு நன்னி ஊற்றுவார். அழுகிற பிள்ளை மூச்சை இழுக்கும்போது மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறும். இதில் உயிருக்கே ஆபத்து உண்டு. மாத்திரையும் அப்படித்தான். 2007இல் எத்தியோப்பியாவில் பூச்சி மாத்திரை கொடுத்தபோது நான்கு சிறு குழந்தைகள் அது தொண்டையில் அடைத்து இறந்தன. நம் அங்கன்வாடிகளில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்வதும், பெரிய பிள்ளைகளை மென்று தின்னச் சொல்வதும் இதனால்தான்.

இந்த விஷயத்தில் நபிகளாரின் (ஸல்) வழிகாட்டுதல் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. உம்மு கைஸ் (ரழி) தம் குழந்தையின் தொண்டை நோய்க்காக உள்நாக்கை விரலால் அழுத்திவிட்டு, நபிகளாரிடம் கொண்டுவந்தார்கள். பிள்ளைகளை ஏன் இப்படித் தொண்டையை அழுத்தி வேதனைப்படுத்துகிறீர்கள் என்று கேட்ட நபிகளார், அதற்குப் பதிலாக இந்தியக் கோஷ்டத்தைப் பயன்படுத்தச் சொன்னார்கள் (புகாரி). நோயைத் தீர்க்க வேண்டும், ஆனால் வேதனைப்படுத்தும் வழியில் அல்ல. தொக்கம் எடுக்கிறோம் என்று வாய்க்குள் விரலை விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். (இதைப் படித்துவிட்டு யாரும் நாட்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். அளவும் முறையும் தெரியாமல் பிள்ளைக்கு எதையும் கொடுக்கக் கூடாது.)

இன்னொரு ஹதீஸ். நபிகளார் கடைசி நோயில் மயங்கியிருந்தபோது, வேண்டாமென்று சைகை காட்டியும், நோயாளிக்கு மருந்து பிடிக்காதுதானே என்று எண்ணிக் குடும்பத்தார் வாயில் மருந்தை ஊற்றிவிட்டார்கள். தெளிந்ததும் நபிகளார், அப்போது அங்கில்லாத அப்பாஸ் (ரழி) தவிர வீட்டிலிருந்த எல்லோருக்கும் அதே மருந்தைக் கொடுக்கச் சொன்னார்கள் (புகாரி). பெரியவர்களுக்கு மறுக்கும் உரிமை உண்டு, பிள்ளைக்காகப் பெற்றோர்தான் முடிவெடுக்க வேண்டும்; அது வேறு. ஆனால் விருப்பமில்லாத வாயில் ஊற்றப்படுவது எப்படியிருக்கும் என்பது நமக்கு இதில் புரிகிறது. பிள்ளையின் மருந்தில் ஒரு சொட்டை நாமும் நாக்கில் வைத்துப் பார்க்கலாம். பிறகு கோபம் கொஞ்சம் குறையும்.

அந்த ஹதீஸில் 'லதூத்' என்று வரும் சொல், வாயின் ஓரமாகக் கொடுக்கும் மருந்தைக் குறிக்கும். இன்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் அந்த ஓரம்தான். பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சின் முனையைக் கன்னத்தின் உட்புறம் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கிய பிறகு அடுத்ததை விட வேண்டும். நடு நாக்கில் விட்டால் துப்புவான், தொண்டைக்கு நேராக விட்டால் புரையேறும். அளவுக்கு வீட்டு ஸ்பூன் வேண்டாம். பாராசிட்டமாலில் மட்டும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்: சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லியில் 125 அல்லது 250. சொட்டு மருந்தை ஸ்பூனில் ஊற்றினால் கதை கெட்டது. எந்தக் கோடு வரை இழுக்க வேண்டும் என்று மருந்துக் கடையிலேயே பேனாவால் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

பால் பாட்டிலில் கலக்காதீர்கள். பாதி குடித்துவிட்டு வைத்தால் எவ்வளவு போனது என்று தெரியாது, பாலையும் வெறுத்துவிடுவான். கசப்புக்குக் கல்வராயன் மலைத்தேனை நாடுவது நம் பக்கத்தில் இயல்பு. தேனில் நிவாரணம் இருப்பதைக் குர்ஆனே (16:69) சொல்கிறது. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, உடலைத் தளர வைக்கும் கொடிய நோயை உண்டாக்கும். ஒரு வயதுக்கு மேல், மருந்து கொடுத்த பிறகு ஒரு சொட்டு நாக்கில் தடவலாம்.

அடுத்தது பொய். "இது மிட்டாய்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். நாளை அந்தப் பிள்ளை அலமாரியில் பாட்டிலைப் பார்த்தால் மிட்டாய் என்றே முழுவதையும் குடிக்கும். "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று மகனை அழைத்த ஒரு தாயிடம், என்ன தர நினைத்தாய் என்று நபிகளார் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் தராமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள் (அபூதாவூத்). "கசக்கும், கொஞ்ச நேரம்தான், குடித்ததும் தண்ணீர் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். சிரிஞ்சை அத்தா பிடிக்கட்டுமா, அம்மா பிடிக்கட்டுமா என்று பிள்ளையையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பிஸ்மில்லாஹ்வை அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். டாக்டர் ஊசி போட்டுவிடுவார், ஹஜ்ரத்திடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்றெல்லாம் மிரட்ட வேண்டாம். நம்மைக் கண்டால் அலறும் பிள்ளைக்கு நாம் எப்படி ஓதுவது?

தேவையில்லாத மருந்துக்காகவும் பல வீடுகளில் சண்டை நடக்கிறது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்த கோல்ட்ரிஃப் இருமல் சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தது. அதன் பிறகு, இரண்டு வயதுக்குக் கீழ் இருமல் மருந்து எழுதவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை மருத்துவர்களை அறிவுறுத்தியது. ஆகவே கடையில் கேட்டு வாங்கிய இருமல் சிரப்பை அவன் துப்பினால் துப்பட்டும்.

கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டால் நீங்களாக மறுமுறை கொடுக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் இருப்பவர்கள் 104ஐ அழைத்துக் கேட்கலாம். பிள்ளை மருந்தை மறுப்பது வேறு, எதையுமே குடிக்க முடியாமல் கிடப்பது வேறு. தாய்ப்பாலும் குடிக்காமல், விழுங்கியதெல்லாம் வாந்தியாகி, எழுப்பினாலும் கண் திறக்காமல் இருந்தால், அல்லது வலிப்பு வந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நம்மிடம் தூக்கி வரவும் வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பிள்ளை போகிற வழியிலேயே நாம் இங்கிருந்து ஓதிக்கொள்கிறோம்.