கடல் கடந்தாலும் கரையாத ஈமான்

அறிவைத் தேடிப் பயணம் செய்வது முஸ்லிம்களுக்குப் புதிய விடயமல்ல. நாம் பின்பற்றும் மத்ஹபின் இமாமான ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவிலும் பக்தாதிலும் கற்று, ஹிஜ்ரி 204 இல் எகிப்தில் வபாத்தானார்கள். கல்வியைத் தேடி ஒருவர் நடக்கும் பாதையின் மூலம் அல்லாஹ் அவருக்குச் சுவனத்தின் பாதையை இலகுவாக்குகின்றான் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இன்று எமது நாட்டிலிருந்தும் எத்தனையோ மாணவர்கள் கல்விக்காகக் கடல் கடந்து செல்கின்றனர்.

எனது ராத்தாவும் இவ்வருடம் ஐரோப்பிய நாடொன்றுக்குப் படிக்கச் செல்லவிருக்கிறார். வாப்பாவின் கவலை செலவைப் பற்றியது. உம்மாவின் கவலை வேறு. “புள்ள படிச்சிட்டு வரும். ஆனா அதே புள்ளயா வருமா?” என்று கேட்கிறார். வெளிநாடு செல்லும் பிள்ளைகள் உள்ள பல வீடுகளில் இக்கேள்வி இருக்கிறது. உயர்தரத்தில் இஸ்லாமிய நாகரிகம் கற்கும் மாணவி என்ற வகையில், இதற்கான விடையை அல்குர்ஆனிலும் ஸீராவிலும் தேடிப் பார்த்தேன். வீட்டை விட்டும் ஊரை விட்டும் தூரமாகி வாழ்ந்த இளவயதினர் பலர் அங்கே இருக்கின்றனர்.

யாருக்கும் தெரியாத ஊரில்

முதலாமவர் நபி யூஸுப் (அலை). சிறு வயதில் கிணற்றில் போடப்பட்டு, சொற்ப திர்ஹம்களுக்கு விற்கப்பட்டு, எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே அவர்களது தந்தையை அறிந்தவர் எவருமில்லை. தவறு செய்தால் ஊருக்குச் செய்தி சொல்லவும் ஆளில்லை. அந்நிலையில்தான் அவர்கள் வளர்ந்த வீட்டின் எஜமானி கதவுகளை அடைத்துக்கொண்டு அவர்களைத் தவறுக்கு அழைத்தாள் (12:23). அவர்கள் உடனே அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள். பின்னர் மிரட்டப்பட்டபோது, அத்தவறை விடச் சிறையே தமக்கு விருப்பமானது என்று இறைவனிடம் முறையிட்டார்கள் (12:33).

ஊரில் இருக்கும்போது எம்மைப் பல கண்கள் பாதுகாக்கின்றன. பெற்றோர், பக்கத்து வீட்டார், மத்ரஸா உஸ்தாத், பாடசாலை ஆசிரியைகள் எனப் பலர் இருக்கின்றனர். விமானம் ஏறியதும் அக்கண்கள் அனைத்தும் பின்தங்கிவிடும். அதன் பின்னரும் எஞ்சியிருப்பதே எமது உண்மையான தக்வா.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூஸுப் (அலை) அவர்கள் எகிப்தை வெறுத்து ஒதுங்கி வாழவில்லை. பஞ்ச காலம் வரவிருந்தபோது, தாம் பாதுகாக்கத் தெரிந்தவர், அறிவுள்ளவர் என எடுத்துக் கூறி, அந்நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டுப் பெற்றார்கள் (12:55). தாம் வாழும் நாட்டு மக்களுக்குப் பயன்படுவதும் ஈமானோடு சேர்ந்ததே.

தனிமைக்கு மருந்து

இரண்டாமவர் நபி மூஸா (அலை). எகிப்திலிருந்து தப்பி, தனியாக மத்யன் வந்து சேர்ந்தார்கள். அங்கே தண்ணீர்த் துறையில் ஆண்கள் தம் கால்நடைகளுக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருக்க, இரு பெண்கள் தமது மந்தையுடன் ஒதுங்கி நின்றனர். மூஸா (அலை) அவர்களிடம் காரணத்தை விசாரித்து, தாமே அவர்களுக்காகத் தண்ணீர் புகட்டினார்கள். பின்னர் நிழலில் ஒதுங்கி, இறைவன் தரும் எந்த நன்மைக்கும் தாம் தேவையுடையவராக இருப்பதாகப் பிரார்த்தித்தார்கள் (28:24).

தங்க இடமும் உழைக்கத் தொழிலும் இல்லாத ஒருவர் முதலில் செய்தது இன்னொருவருக்கு உதவுவது; அடுத்தது துஆ. அந்த உதவியின் வழியாகவே வேலையும் குடும்பமும் அவர்களைத் தேடி வந்தன. புதிய நாட்டில் முதல் மாதங்கள் கடினமானவை என்று சென்றவர்கள் சொல்கின்றனர். அறைக்குள் அடைந்து கிடந்து அழுவதை விட, இன்னொரு மாணவிக்குச் சிறு உதவி செய்துவிட்டு ஸஜ்தாவில் மனம் விட்டு அழுவது மேலானது.

அந்த இரு பெண்களிடமும் எமக்குப் பாடமுண்டு. தந்தை முதியவர் என்பதால் தேவைக்காக அவர்கள் வெளியே வந்தனர். கூட்டத்தில் இடித்துக்கொள்ளாமல் பொறுமையாகக் காத்திருந்தனர். அவர்களில் ஒருத்தி மூஸா (அலை) அவர்களை அழைக்க வந்தபோது வெட்கத்துடன் நடந்து வந்ததை அல்குர்ஆன் தனியாகக் குறிப்பிடுகிறது (28:25). அந்த வெட்கம் அவள் தன் அலுவலைச் செய்யத் தடையாக இருக்கவில்லை.

நல்ல தோழமையும் தூய உணவும்

ஸூரதுல் கஹ்ஃபில் வரும் குகைவாசிகளை அல்குர்ஆன் இளைஞர்கள் என்றே அழைக்கிறது (18:13). அவர்களது சமூகம் முழுவதும் வேறு வழியில் சென்றது. அவர்கள் சிலராக இருந்தாலும் ஒன்றாக இருந்தார்கள். நீண்ட உறக்கத்திலிருந்து எழுந்ததும், ஒருவரிடம் வெள்ளி நாணயத்தைக் கொடுத்து நகருக்கு அனுப்பினார்கள். பசியோடு இருந்தும், கிடைத்ததை வாங்கி வருமாறு அவர்கள் கூறவில்லை. எது தூய்மையான உணவு என்று பார்த்து வாங்கும்படியும், நளினமாக நடந்துகொள்ளும்படியும் சொல்லி அனுப்பினார்கள் (18:19).

வெளிநாட்டில் கடைக்குச் செல்லும் மாணவிக்கு இந்த ஒரு வசனமே போதுமான வழிகாட்டி. பொதியின் பின்புறத்தில் உள்ள உள்ளடக்கத்தை வாசிக்க வேண்டும். ஜெலட்டின் என்றிருந்தால் அது எதிலிருந்து பெறப்பட்டது என்று கேட்க வேண்டும். கேட்கும் முறையோ நளினமாக இருக்க வேண்டும். விருந்துக்கு அழைத்த தோழியிடம் முகம் சுளிக்காமல், “எனக்கு இது ஆகாது, மரக்கறி இருந்தால் போதும்” என்று சொல்லலாம். பேணுதலும் மென்மையும் அந்த வசனத்தில் அருகருகே இருக்கின்றன.

எம்மை நாமே அறிமுகம் செய்தல்

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 615 அளவில், ஸஹாபாக்கள் அபீஸீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றனர். அங்கு ஆண்டவர் நஜ்ஜாஷி என்ற கிறிஸ்தவ மன்னர். முஸ்லிம்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் பரிசுப் பொருட்களுடன் தூதுவர்களை அனுப்பியபோது, ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) அவர்கள் அரசவையில் எழுந்து பேசினார்கள். தாம் முன்பு எப்படி இருந்தோம், இஸ்லாம் எதை ஏவியது என்பதை வரிசையாக விளக்கினார்கள். உண்மை பேசுதல், அமானிதம் பேணுதல், உறவினரைச் சேர்ந்து வாழ்தல், அயலவருக்கு நன்மை செய்தல் என்பன அவ்வுரையில் இருந்தன. பின்னர் ஸூரா மர்யமின் ஆரம்பப் பகுதியை ஓதிக் காட்டினார்கள். மன்னர் கண்ணீர் விட்டு அழுதார்.

‘உங்கள் மார்க்கம் என்ன சொல்கிறது?’ என்று நாளை எம்மிடமும் கேட்பார்கள். கேட்பவர் எல்லோரும் பகைவர் அல்லர். தெளிவாகப் பதில் சொல்ல வேண்டுமானால் புறப்படுவதற்கு முன்பே மார்க்கத்தைக் கற்றிருக்க வேண்டும்.

ஜஃபர் (ரழி) அவர்களின் மனைவி அஸ்மா பின்த் உமைஸ் (ரழி) அவர்களும் அங்கு வாழ்ந்தார்கள். ஹிஜ்ரி 7 இல்தான் திரும்பி வந்தார்கள். ஹிஜ்ரத்தில் நாமே உங்களை முந்திவிட்டோம் என்று உமர் (ரழி) கூறியபோது, தூர தேசத்தில் தாம் பட்ட சிரமங்களை எடுத்துரைத்து, நபி (ஸல்) அவர்களிடமே சென்று முறையிட்டார்கள். அபீஸீனியாவிலிருந்து கப்பலில் வந்தோருக்கு இரண்டு ஹிஜ்ரத்களின் நன்மை உண்டு என நபியவர்கள் பதிலளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). அபீஸீனியாவில் கண்ட மூடிய சந்தூக்கைப் பற்றி அவர்கள் பாத்திமா (ரழி) அவர்களுக்கு விவரித்ததாகவும், பெண் ஜனாஸாவுக்கு மறைப்பாக இருக்கும் என அது விரும்பப்பட்டதாகவும் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சென்ற இடத்தில் ஈமானையும் காத்து, அங்கு கண்ட நல்லதொன்றையும் கொண்டு வந்த பெண்மணி அவர்கள்.

தொழுகை என்ற நங்கூரம்

எமது நாட்டில் மஃரிப் வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டியே வரும். லண்டனில் டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் இரவு 9 மணிக்குப் பின்னரே மறையும். மாரி காலத்தில் ளுஹரும் அஸரும் விரிவுரை நேரத்துக்குள்ளேயே வந்துபோகும். தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை (4:103) என்பதால், விரிவுரை அட்டவணையோடு தொழுகை அட்டவணையையும் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பூமி முழுவதும் எமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். நூலகத்தின் ஒரு மூலையும் போதுமானது.

வெளிநாட்டில் இருக்கும் காலமெல்லாம் கஸ்ராகச் சுருக்கித் தொழலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். ஷாஃபிஈ மத்ஹபின்படி, போய்ச்சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் அல்லது அதற்கு மேல் ஓரிடத்தில் தங்க நிய்யத் வைத்தவர் அங்கு சென்றடைந்ததும் பிரயாணிக்குரிய சலுகை முடிந்துவிடும். ஆகவே, மூன்று வருடம் தங்கிப் படிப்பவர் அங்கே ஊர்வாசியைப் போன்றே முழுமையாகத் தொழ வேண்டும். ரமழானில் நோன்பும் நோற்க வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பெண்கள் மஹ்ரமின்றிப் பயணம் செய்வது குறித்து ஹதீஸ்கள் உள்ளன. அவற்றை விளங்குவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. எனவே விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பே ஆலிம் ஒருவரிடம் ஆலோசனை பெறுவது ஒவ்வொரு குடும்பத்தினதும் பொறுப்பாகும்.

அனுப்புவதென முடிவெடுத்த உம்மாமாருக்கு மூஸா (அலை) அவர்களின் தாயின் வரலாறு ஆறுதலாக இருக்கும். அல்லாஹ்வின் கட்டளைப்படி குழந்தையை ஆற்றில் விட்டபோது அவர்களது உள்ளம் வெறுமையாகிவிட்டது (28:10). ஆனாலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. பின்தொடர்ந்து பார்க்குமாறு தம் மகளை அனுப்பினார்கள். அச்சகோதரி தூரத்திலிருந்தே கவனித்து, தேவையான வேளையில் முன்வந்து உதவினாள் (28:11-12). தவக்குலும் கவனிப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்பிலும் விசாரணை நடத்தினால் பிள்ளை உண்மையை மறைக்கப் பழகிவிடும். பரிவோடு பேசினால் தடுமாறும்போது முதலில் வீட்டுக்கே அழைப்பு எடுக்கும். தங்கையாகிய நான் எனக்கு எடுத்துக்கொண்ட வேலையும் அந்தச் சகோதரியின் வேலைதான்.

பிள்ளை மாறாமல் திரும்புமா? யூஸுப் (அலை) அவர்களை எகிப்தில் நேரில் கண்ட சகோதரர்களாலேயே அடையாளம் காண முடியவில்லை (12:58). ஆடையும் பதவியும் அந்தளவுக்கு மாறியிருந்தன. தந்தையோ தூரத்திலிருந்தே அவர்களது வாசனையை உணர்ந்தார்கள் (12:94). அதிகாரத்தின் உச்சியில் நின்று யூஸுப் (அலை) அவர்கள் கேட்டதும், முஸ்லிமாக மரணித்து ஸாலிஹீன்களுடன் சேர வேண்டும் என்பதையே (12:101). எமது பிள்ளைகளின் பேச்சும் உடையும் சற்று மாறக்கூடும். அந்த ஆசை மாறாதிருந்தால் அவர்கள் எம் பிள்ளைகளாகவே திரும்பி வருவார்கள்.

தூர தேசங்களில் கற்கும் எமது சகோதர சகோதரிகளின் ஈமானையும் கல்வியையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்து, அவர்களைப் பயனுள்ள அறிவுடன் பெற்றோரிடம் சேர்த்து வைப்பானாக. ஆமீன்.