காருக்குள் ஒரு படி பொரி

தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே வண்டிகள் மணிக்கணக்கில் நின்றுவிடும். முன்னால் போகவும் முடியாது, திரும்பவும் இடமிருக்காது. மழைக்காலம் இன்னும் மோசம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழை தர்மபுரி மாவட்டத்து அரூரில் ஒரே நாளில் 33 சென்டிமீட்டர் கொட்டியது. பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். அங்கே சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் வெள்ளம் உருட்டிக்கொண்டு போனது. இந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் கொஞ்சம் தீனியும் தண்ணீரும் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல விஞ்ஞானம் எதற்கு? எதை வைப்பது, வண்டிக்குள் எந்த மூலையில் வைப்பது என்பதில்தான் அதற்கு வேலை இருக்கிறது. வெயிலில் நிறுத்திய கார் ஓர் அடுப்பு.

கண்ணாடி வழியே நுழையும் வெயில் டேஷ்போர்டையும் சீட்டையும் சுடவைக்கிறது. அவை காற்றைச் சுடவைக்கின்றன. சூடான காற்று மேலேறி வெளியே போக வழியில்லை. 2005-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள்: ஒரு மணி நேரத்தில் உள்ளே வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் பெரிய பலனில்லை. 2018-இல் வெளியான அரிசோனா ஆய்வு இன்னும் சுவாரசியமானது. 38 டிகிரியைத் தாண்டும் கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களில் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி, சீட்டு 51 டிகிரி. ஒரே வண்டிக்குள் 18 டிகிரி வித்தியாசம்!

அந்த வித்தியாசத்தில்தான் தண்ணீர் பாட்டிலின் கதை இருக்கிறது. கடையில் வாங்கும் பாட்டில்களின் பிளாஸ்டிக்கைத் தயாரிக்கும்போது ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்க்கிறார்கள். அதில் ஒரு துளியளவு பிளாஸ்டிக்கில் தங்கி, சூட்டில் தண்ணீருக்குள் கசியும். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவின் குடிநீர் வரம்பைத் தாண்ட 60 டிகிரியில் 176 நாள் ஆகும். 65-இல் 38 நாள், 70-இல் 12 நாள், 80-இல் இரண்டு நாளும் சொச்சமும். இருபது டிகிரி ஏறுவதற்குள் ஆறு மாதம் இரண்டு நாளாகச் சுருங்கிவிடுகிறது. காரில் வைத்த தண்ணீரைக் குடித்தாலே புற்றுநோய் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இந்தக் கணக்கையெல்லாம் பார்ப்பதில்லை. சீட்டுக்கு அடியில், தரையோடு கிடக்கும் பாட்டிலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. டேஷ்போர்டு மேல் மாதக்கணக்கில் காயும் பாட்டில் வேறு விஷயம். எவர்சில்வர் பாட்டில் என்றால் இந்தக் கேள்வியே எழாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி தீனி. கிருமி வளரத் தண்ணீர் வேண்டும், அதுவும் எதனோடும் ஒட்டிக்கொள்ளாத தண்ணீர். தேனில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான், ஆனாலும் சர்க்கரை அதைப் பிடித்து வைத்திருப்பதால் தேன் கெடுவதில்லை. உலர்ந்த பண்டத்திலும் கிருமிக்கு வேலையில்லை. அங்கே எதிரி எண்ணெய். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து அது சிக்கு வாடை அடிக்கும். பத்து டிகிரி கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே கடலை மிட்டாய், மிக்சர், முறுக்கு எல்லாம் கோடைக் காரில் சீக்கிரம் கெட்டுப்போகும். நிலக்கடலையில் பாதியளவு எண்ணெய். பொட்டுக்கடலையில் ஐந்தாறு சதவீதம்தான், புரதமோ தாராளம்.

தர்மபுரிக்காரர்கள் ராகியைச் சொல்வார்கள். நியாயம்தான்: கொழுப்பு இரண்டு சதவீதத்துக்குள், தானியமாக வைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது. ஆனால் நடுவழியில் களி கிண்ட அடுப்பு ஏது? பச்சை மாவு வயிற்றில் சரியாகச் செரிக்காது. தண்ணீரும் சூடும் சேர்ந்து மாவுச்சத்தின் இறுக்கத்தைக் குலைக்க வேண்டும். பொரியில் அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது. புழுக்கும்போதே வெந்துவிட்ட அரிசி சுடுமணலில் விழுந்ததும், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி, அரிசியை உப்பவைத்து, வெடித்துக்கொண்டு வெளியேறுகிறது. பொரிந்ததும் காய்ந்ததும் ஒரே நொடியில்! அவலும் அப்படித்தான்: நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தது, பச்சைத் தண்ணீர் பட்டாலே சாப்பாடு. எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தில் ராகியையே பொரித்து அரைத்து ஹுரிஹிட்டு என்று வைத்திருக்கிறார்கள். அது நம் பக்கம் பரவாதது எனக்கு ஆச்சரியம்தான். பொரி நமுத்துப்போனால் ருசி போகுமே தவிர ஆபத்தில்லை. இறுக மூடும் டப்பா ஒன்று போதும்.

புளிச்சோறு வேறு வகை. சோறு வெந்த பிறகும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் உயிரோடு இருக்கும். புளியின் டார்டாரிக் அமிலம் அவற்றை முளைக்க விடாமல் அடக்கும். ஓரிரு நாள் பயணத்துக்கு அது அருமை, டிக்கியில் நிரந்தரமாக வைக்க ஆகாது.

கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து, வழியில் ஒரு கைப்பம்பு கண்ணில் பட்டால்? தர்மபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயலுக்கு வந்ததே அதற்காகத்தான். ஆனால் ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் பிடிக்கப் பல வருஷம் எடுக்கும். வயிற்றுப்போக்குக் கிருமிக்கு ஒரு நாளே போதும். நெருக்கடியில் பார்க்க வேண்டியது கிருமியைத்தான். பக்கத்து வீட்டில் கேட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தால் அது செத்துவிடும். ஃபுளோரைடு கொதியில் போகாது, தண்ணீர் வற்ற வற்றக் கொஞ்சம் அடர்த்தியாகவே செய்யும். இருந்தாலும் அந்த ஒரு நாளைக்கு அந்தத் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.